கழுவி வைத்த டம்ளர்

கட்கி என்ற வடக்கத்தி ஊரில் என் தங்கை இறந்து கிடந்த சமையலறையைப் பரிசோதிக்க வந்த தடயவியல் அதிகாரி அவர். நரைத்த மீசை, கையுறை, அளவு டேப். தமிழர்தான். எதையும் இரண்டு முறை அளந்தே எழுதினார்.

கவிழ்த்திருந்த ஈர டம்ளரைக் காட்டி, "இதைக் கழுவினது யாரும்மா?" என்றார்.

"நான்தான் சார். வெளியாளுங்க வர்றாங்களேன்னு..."

அதில்தான் அவள் புருஷன் விஷம் கொடுத்திருப்பான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"எழுதாதீங்க சார், அவன் தப்பிச்சிடுவான்!" காலில் விழுந்தேன்.

"இதை மறைச்சா, நான் எழுதின எதையும் கோர்ட்டுல நம்ப மாட்டாங்கம்மா."

எழுதினார். பால்கனியில் முதுகைக் காட்டிச் சற்று நின்றார். திரும்பி வந்து, அவள் கிடந்த இடத்தை மூன்றாவது முறையாக அளந்தார். அளவு மாறவில்லை.

அவரைத் திட்ட இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.