மூகா என்று நான் சொன்ன என் தாத்தா

சகோதர சகோதரிகளே, என் குற்றத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என்னை வளர்த்த தாத்தாவை, என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, யாரோ என்று சொன்னேன். ஊமை என்றும் சொன்னேன். இரண்டும் பொய்.

1991 டிசம்பர். காவிரித் தண்ணீருக்காகப் பெங்களூரில் கலவரம். தமிழர் வீடுகளில் கல் விழுந்த நாட்கள். நாங்கள் அடுகோடிக்குக் குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அல்சூரில் தனியாக இருந்த தாத்தாவையும் கூட்டி வந்திருந்தேன். அவருக்கு எண்பத்துமூன்று வயது. பட்டாளத்தில் பாலம் கட்டும் பிரிவில் ஹவில்தாராக இருந்தவர். அப்பா இறந்த பிறகு என்னை எம்.ஏ. வரை படிக்க வைத்தவர்.

ஒரு மாலை நான்கைந்து பேர் வந்தார்கள். எதிர்வீட்டு மாவு மில் மல்லேசப்பாவும் அவர்கள் பின்னால் நின்றார். நாங்கள் தெலுங்குக்காரர்கள் என்று நல்ல கன்னடத்தில் சொன்னேன். ஒருவன் உள்ளே இருந்த தாத்தாவைக் காட்டி, அவரைப் பேசச் சொல் என்றான். தாத்தா கன்னடத்தில் இரண்டு வார்த்தை பேசினாலே தமிழர் என்று தெரிந்துவிடும். யாரோ அனாதைப் பெரியவர், கோவிலிலிருந்து அழைத்து வந்தோம், மூகா என்றேன். கன்னடத்தில் மூகா என்றால் ஊமை. தாத்தாவுக்கு அது புரியும். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக் காட்டித் தலையாட்டினார். மல்லேசப்பா ஏதோ சொல்லி அவர்களை அழைத்துக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து தாத்தா பேசவில்லை.

பயந்திருக்கிறார், சரியாகிவிடும் என்று நினைத்தோம். கலவரம் அடங்கியது. பொங்கல் போனது, ஈஸ்டர் போனது. டாக்டர் தொண்டையில் ஒன்றுமில்லை, மூளையிலும் ஒன்றுமில்லை என்றார். நோட்டும் பேனாவும் கொடுத்தேன். தள்ளி வைத்துவிட்டார். சாப்பாடு பாதியானது. வாய் திறக்காமலே போய்விடுவாரோ என்று பயந்தேன்.

விவேக் நகர் கோவிலில் ஒன்பது வியாழக்கிழமை வேண்டிக்கொண்டேன். ஆண்டவரே, அவர் வாயைத் திறந்துவிடும். வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஒன்பதாவது வியாழனும் முடிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. அழுதேன். அழுதுகொண்டே பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், ஆறு மாதமாக யாரிடமும் சொல்லாததை ஃபாதரிடம் சொன்னேன்.

ஃபாதர் அபராதமாக ஜெபம் எதுவும் தரவில்லை. "பொய்யை யாருகிட்ட சொன்னீங்களோ, அவங்ககிட்டயே போய்த் திருப்பி வாங்கிக்குங்க" என்றார்.

வந்தவர்களை எனக்குத் தெரியாது. ஆனால் மல்லேசப்பா எதிரிலேயே இருக்கிறார். சனிக்கிழமை காலை தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு மில்லுக்குப் போனேன். கேழ்வரகு டின்களோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள். நான் சொன்னது மிஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கத்தினேன். மல்லேசப்பா மிஷினை நிறுத்திவிட்டார். அந்த அமைதியில் என் கத்தல் தெருவுக்கே கேட்டது: "இவரு நம்ம தாத்தா! மூகா அல்ல! நாவு தமிழரு!"

நாங்கள் தமிழர் என்று கன்னடத்திலேயே சொல்லிவிட்டேன். புருவமெல்லாம் மாவாக இருந்த மல்லேசப்பா சிரித்தார்.

"கொத்து சார், தெரியும். எனக்குத் தெரியாதா? தினம் காலைல அஞ்சு மணிக்கு இவரு ஜெபம் சொல்றது எங்க வீடு வரைக்கும் கேக்கும். தமிழ்லதானே சொல்வாரு? ஆறு மாசமா சத்தமே இல்ல. பெரியவருக்கு என்னாச்சோன்னு நான்தான் கவலைப்பட்டேன்."

அன்றே அவருக்கு எல்லாம் தெரியும்! தெரிந்தேதான் அவர்களைத் திருப்பி அழைத்துப் போயிருக்கிறார்!

அப்போதுதான் கேட்டது. கரகரத்த குரல். என் பக்கத்திலிருந்து.

"அப்போ என் டியூட்டி முடிஞ்சுதாடா, அந்தோணி?"

சகோதர சகோதரிகளே, அங்கேயே தாத்தாவைக் கட்டிக்கொண்டு கத்தினேன். டின்னோடு நின்ற பெண்களும் கண்ணைத் துடைத்தார்கள்.

அவருக்கு நோயே இல்லை. நான் சொன்ன பொய்க்குக் காவல் நின்றிருக்கிறார். வீட்டிலாவது பேசியிருக்கலாமே என்றேன். "உன் பசங்க ஸ்கூல்ல போய், தாத்தா பேசறாருன்னு சொல்லிட்டா? பர்மாவுல எதிரி அக்கரையில இருந்தான். கோரைப் புல்லுல ரெண்டு நாள் இருமாம கெடந்தோம். வீட்டுல சோறு தின்னுட்டு வாயை மூடிக்கினு இருக்கறது பெரிய வேலையா?" என்றார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். "ஊமைன்னது பரவாயில்ல. யாரோன்னியே, அதான்டா."

அவர் காலில் விழுந்தேன். என் தலையில் கையை வைத்து, வெகுநேரம் எடுக்காமலே இருந்தார்.

அதற்குப் பின் மூன்று வருடம் இருந்தார். ஓயாமல் பேசினார்! மூங்கிலும் டிரம்மும் சேர்த்துப் பாலம் கட்டியது, அதன்மேல் முதலில் நடக்கப் பயந்த கழுதை, திரும்பி வராத நண்பர்கள், எல்லாம். புதிதாக யார் வந்தாலும், இவர் என் அப்பாவைப் பெற்றவர் என்றுதான் பேச்சைத் தொடங்குவேன். மல்லேசப்பாவிடமே நூறு தடவை சொல்லியிருப்பேன். 1995இல் தூக்கத்திலேயே ஆண்டவரிடம் போனார். பெட்டியின் முன்பக்கத்தை மல்லேசப்பாவும் நானும் தூக்கினோம்.

நீங்கள் கேட்டது இன்னும் கிடைக்கவில்லையா? நீங்கள் தவறு செய்த ஆளிடம் ஒருமுறை போய் வாருங்கள். பயப்படாதீர்கள். நான் போனபோது ஆண்டவர் எனக்கு முன்பே அங்கே போயிருந்தார்.