ஊதாக் கோதுமை

பூனாகலையில் ஒரு கோதுமைப் பாத்திக்கு யாரோ செய்வினை வைத்து, இலையெல்லாம் ஊதா நிறமாகிவிட்டதாம். இந்தப் பேச்சு பஸ் ஏறிப் பதுளைச் சந்தை வரை போயிருந்தது. வந்த வழியே திரும்பிப் போய் விசாரித்தால், அது புறப்பட்ட இடம் தேயிலைத் தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களம். கிளப்பிய வாயோ பாத்திக்காரர் புவனேந்திரனுடையது.

கடையில் கோதுமை மா காணாமல் போன காலத்திலிருந்தே, சொந்தக் கோதுமையில் ரொட்டி சுட வேண்டும் என்ற அரிப்பு அவருக்கு. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் கேட்டார். தோட்டத்தை நடத்தும் துரை கொடுத்தார், கூடவே ஒரு கொக்கியும் போட்டார்: "அறுப்பைக் காட்டு. இல்லாட்டி தேயிலைக் கன்னு வச்சிருவேன்." புறாத் தீனிக் கடையில் வாங்கிய முழுக் கோதுமையை விதைத்தார். முளைத்தது. பிறகு வளர மனமில்லாமல் ஊதாவாகி நின்றது.

புவனேந்திரனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பிளேன்டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் பாத்திக்கு ஓடுவார், ஒன்றும் மாறியிருக்காது, திரும்பி வந்தால் டீ ஆறியிருக்கும். பக்கத்து வீட்டு ராசம்மா போஞ்சிச் செடிக்கு வைத்திருந்த டி.எஸ்.பி. என்ற பாஸ்பரஸ் உரத்தில் ஒரு பால்மா டின் நிறைய அளந்து கொடுத்தாள். வாங்கிப் பாத்தி முழுக்க எறிந்தார். ஊதா போகவில்லை. மறுநாள் பெரட்டில், "டின்னுல என்னத்த மந்திரிச்சுக் குடுத்தாளோ!" என்றார். மிச்சத்தை ஊர் பார்த்துக்கொண்டது.

மந்திரத்துக்கு மாற்று மருந்து கிடைக்குமா என்று பண்டாரவளை உரக்கடைக்கும் போனார். கடைக்கார நிஸாம் கேட்டார்:

"ஊதான்னா பாஸ்பரஸ் பத்தலன்னு அர்த்தம். உரத்த எப்பிடிண்ணே போட்டீங்க?"

"எப்பிடின்னா? இடுப்புல சாக்கக் கட்டி, தேயிலைக்கு எறியிற மாதிரி. இருவது வருசக் கையி!"

"கை நல்ல கைதான். உரம்தான் நடக்கத் தெரியாதது. நம்மது புளிப்பு மண்ணு, விழுந்த எடத்துலயே அதக் கட்டிப் புடிச்சுக்கும். சின்னப் பயிரு வேரு மேல வந்தா தேடும்? விதைக்கிறப்பவே வெதைக்குக் கீழ போடணும்."

"அப்ப செய்வினை?"

"செஞ்சது நீங்கதானேண்ணே!"

புவனேந்திரன் பாதிப் பாத்தியைக் கொத்திப் புரட்டினார். கோடு கிழித்து உரம், மேலே கொஞ்சம் மண், அதன்மேல் விதை. அதன் பிறகும் ஓட்டம் நிற்கவில்லை. நடுமழையில் கூடச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போய்க் குனிந்து பார்த்தார். புதுப் பாதி பச்சையாக எழும்பி, ஒரு விதைக்குக் கைநிறையத் தூர் வெடித்து, பிந்தி விதைத்தும் முந்திக் கதிர் தள்ளியது. பழைய பாதியில் ஒற்றைத் தட்டை, நுனியில் நாலு பொக்கு மணி. துரை இரண்டையும் பார்த்தார். "அடுத்த முறை முழுசும் இந்த மாதிரி செய்" என்று நடந்தார். நிலம் தப்பியது.

அன்று மாலையே புவனேந்திரன் புது டி.எஸ்.பி. நிரப்பிய பால்மா டின்னோடு ராசம்மா வீட்டு வாசலில் போய் நின்றார்.

"அத நீயே வச்சுக்க அண்ணே," என்றாள் அவள், முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒரம் நான் கேக்கல. பெரட்டுல சொன்னத பெரட்டுலயே இல்லன்னு சொல்லு. அதுக்கப்புறம் டின்னக் கொண்டா."

மறுநாள் பெரட்டில் புவனேந்திரன் தொண்டையைச் செருமினார். எல்லாரும் திரும்பினார்கள். ராசம்மாவும்தான்.

"இன்னிக்கி மழை வரும் போல," என்றார்.

அன்று நல்ல வெயில். டின் இன்னும் அவர் கட்டிலுக்கடியில் இருக்கிறது. தினமும் அதைக் காலால் ஒதுக்கிவிட்டுத்தான் பெரட்டுக்குச் செருப்புத் தேடுகிறார்.