மேடம் குடித்த கொடிக் கஷாயம்

அந்தச் சின்ன மண்கோப்பையில் இருந்தது, பார்வைக்கு மிஞ்சிப்போன புளிக்கரைசல் மாதிரிதான் இருந்தது. அமேசான் காட்டுப் பழங்குடியினர் ஏதோ ஒரு கொடியையும் இலையையும் சேர்த்துக் காய்ச்சி, தங்கள் பெரியவர்கள் முன்னிலையில் குடிக்கும் மருந்தாம். நகரத்துக்கு வெளியே, சந்தாபுராவைத் தாண்டி ஒரு பண்ணை வீடு. பட்டப்பகலில் திரைபோட்டு இருட்டாக்கிய ஹாலில், யோகா பாய் விரித்து உட்கார்ந்திருந்த ஐ.டி. ஜனங்களுக்கு அதை ஊற்றிக் கொடுத்தவர் ஒரு ஜெயநகர்க்காரர். எனக்குச் சிரிப்பு வந்தது. மேடத்தின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

மேடம் எங்கள் டீம் லீட். கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகள். கணவர் இறந்து மாதங்கள் ஓடியும் அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. தூக்கமும் போய்விட்டது. அபார்ட்மெண்டில் உடல் கிடந்த அன்று, ஊரிலிருந்து வந்த அத்தைகள் மாரடித்து ஒப்பாரி வைக்கத் தொடங்க, பக்கத்து வீட்டார் முகம் சுளிக்கிறார்களே என்று மேடமே அவர்களை நிறுத்தச் சொன்னாராம். வண்டி வந்தது, மின்மயானம் போனது, எல்லாம் முடிந்தது. இந்த மருந்தைக் குடித்தால் செத்தவர்கள் கண்முன்னே வருவார்கள் என்று பிறகு யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். "ஒரே ஒரு தரம் அவரப் பாத்துட்டாப் போதும்மா" என்றார். குடிக்காத துணை ஒருவர் உடன் வரவேண்டும் என்பது அங்கே விதி. நான் போனேன்.

குடித்தார். அதற்கென்றே வைத்திருந்த வாளியில் வாந்தி எடுத்தார். ஸ்பீக்கரில் அந்தக் காட்டு மக்களின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"இந்தப் பாட்டுக்கு இன்னா அர்த்தம் சார்?" என்று மேடம் கேட்டார்.

"நனக்கும் தெரியாது மேடம். ஜஸ்ட் ஃபீல் மாடி" என்றார் ஜெயநகர்க்காரர், பாதிக் கன்னடத்தில். சும்மா உணர்ந்தால் போதுமாம்.

காட்டில் அதைக் குடிப்பவர்களுக்குப் பாட்டின் அர்த்தமாவது தெரிந்திருக்கும். மேடம் முழங்காலைத் தட்டிக்கொண்டு, அன்று தான் நிறுத்தச் சொன்ன அத்தைகளின் அதே ஒப்பாரி ராகத்தில் தொடங்கினார்: "கட்டுன சேலை வெளுக்கலியே, என் சாமி, நீ கட்டுன தாலி எங்க போச்சோ..."

ஜெயநகர்க்காரர் ஓடிவந்தார். "மத்தவங்களுக்கு டிஸ்டர்ப் ஆகுது, நிறுத்தச் சொல்லுங்க."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "சும்மா இருங்க சார், அழட்டும்" என்று குறுக்கே நின்றுகொண்டேன். அடுத்த பாயில் இருந்த பெண் எழுந்துவந்து மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். குரல் உடையும்வரை மேடம் பாடினார். கண்ணீர் கழுத்துவரை வழிந்தது. பார்த்துக்கொண்டிருந்த நானும் அழுதேன்.

அந்த மருந்து உண்மையில் வேலை செய்யுமா என்று அலுவலகத்தில் இன்றும் என்னைக் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. திரும்பும் வழியில், பொம்மனஹள்ளி சிக்னலில் வண்டி நின்றபோது, "அவர் வந்தாரா மேடம்?" என்று கேட்டேன்.

"வரல்லம்மா" என்றார். "நான்தான் அவர அனுப்பி வச்சேன்."