வலப்பக்கத்துச் சுறாக்கள்

கடல் ஆராய்ச்சி அலுவலகத்தில் அவளைப் புள்ளி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். போன வருடம்வரை கடிதம் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள். சுறாப் படங்களைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்த முக்குளிப்பாளர் ஓய்வு பெற்றுப் போனதும் அந்த வேலை இவள் தலையில் விழுந்தது. எறும்புக்கு மீசை முளைத்தாலும் இவள் கண்ணுக்குத் தப்பாது என்று அங்கே ஒரு பேச்சு. அது கொஞ்சம் மிகை. மீசை நரைத்திருந்தால்தான் தெரியும்.

குடாவின் அடியில் ஒரு டப்பா நிறைய நாறிய மீனையும், எதிரே ஒரு கேமராவையும் இறக்கிவிடுவார்கள். ஓசி விருந்து என்றால் யாருக்குத்தான் கசக்கும்? புள்ளிச் சுறா மோப்பம் பிடித்து வரும், டப்பாவை முட்டும், ஏமாந்து போகும், வெட்கமில்லாமல் மறுபடி வரும். ஒரே சுறா பதினேழு தடவை வந்த நாளும் உண்டு. அதைப் பதினேழு சுறா என்று எழுதிவிட முடியுமா? அங்கேதான் இவள் வேலை. நம் கைரேகை மாதிரி, ஒரு சுறாவின் விலாப் புள்ளிகள் இன்னொன்றுக்கு வராது. படத்தை நிறுத்தி, பழைய படங்களோடு ஒப்பிட்டு, இது பழைய ஆளா புது வரவா, மெலிந்திருக்கிறதா, தேறியிருக்கிறதா என்று குறித்துக்கொள்வாள்.

இவள் தேய்ந்துபோன சோப்புத் துண்டைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டிவைக்கும் ரகம். முக்குளிப்பாளர் விட்டுப்போன அலமாரியில் 'வலப்பக்கம், வேண்டாம்' என்று எழுதிய ஒரு படப் பெட்டியைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. இத்தனை நல்ல படங்களை யாராவது வீணாக்குவார்களா? இந்த வருடம் இடப்பக்கப் படங்களோடு வலப்பக்கப் படங்களையும் சேர்த்தே எண்ணினாள். போன வருடம் முப்பத்துநாலாக இருந்தது ஐம்பத்தெட்டாக எகிறியது.

அலுவலகமே துள்ளியது. ஐம்பதைத் தொட்டால் குடாவில் மறுபடி வலை போடலாம் என்பது மீனவர்களோடு செய்த ஒப்பந்தம். எட்டு வருடமாகக் குடா பூட்டிக் கிடந்தது. திங்கட்கிழமை அறிவிப்பு என்று மேலதிகாரி அம்மா சொல்லிவிட்டார். புள்ளி அக்காவின் தம்பி படகுக்குப் புதுச் சாயமே பூசிவிட்டான். குடாவைச் சுற்றிக்கொண்டு வெளிக்கடலுக்குப் போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம் என்று அவன் முதுகு ஒடிந்துபோயிருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் கணவனின் முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டே நாற்காலி உள்ள சின்னக் கடை. நாற்காலியில் இருந்தவரின் இடது காதுக்கு மேலே பிறை போல ஒரு தழும்பு. பத்திரிகையில் ஒரு பக்கம் படித்துவிட்டு நிமிர்ந்தால், வலது காதுமடல் கிள்ளின வாழை இலை மாதிரி இருக்கும் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

"இவர் எப்போ வந்தார்? முன்னாடி இருந்தவரைப் பாதியிலயே அனுப்பிட்டீங்களா?"

"எந்த முன்னாடி இருந்தவர்? நாற்காலியைத் திருப்பினேன், அவ்வளவுதான். அரை மணி நேரமா இவர்தான் இருக்கார்."

"நான் எங்கேயும் போகலைம்மா," என்றார் வாடிக்கையாளர், சோப்பு நுரைக்குள்ளிருந்து.

கணவன் சிரித்தான். "கடல்ல இருக்கிறதையெல்லாம் எண்ணுறா. கடையில ஒரு தலையை ரெண்டாக்கிட்டா!"

அவள் சிரிக்கவில்லை. நாற்காலியை இன்னொரு தடவை திருப்பச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்து, கேமராவுக்கு முன்னால் திரும்பிய சுறாக்களை மட்டும் தேடினாள். ஒன்று அகப்பட்டது. இடது விலாவில் கொத்தாகப் புள்ளி, திரும்பினால் வலது விலாவில் வரிசையாகப் புள்ளி. அவள் பட்டியலில் அது பதினொன்றாம் சுறா. நாற்பதாம் சுறாவும் அதுவேதான்.

திரும்பாத சுறாக்களுக்கு எந்த வலதுக்கு எந்த இடது என்று கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது. ஆகவே இடதை மட்டும் எண்ணினாள். முப்பத்தைந்து.

திங்கட்கிழமை காலை மேலதிகாரி அம்மாவின் மேசை முன் நின்றாள்.

"மேடம், தப்பு என்னோடதுதான். பல சுறாவை ரெண்டு தடவை எண்ணிட்டேன். படத்துல பட்டது முப்பத்தஞ்சுதான்."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரே வருஷத்துல இருபத்துநாலு கூடுதே, எப்படின்னு நானும் கேட்கலையே. போன வருஷத்து ஆளுங்க எத்தனை திரும்பி வந்திருக்கு?"

"இருபத்தெட்டு. குட்டிங்க மூணு. யாரும் மெலியலை."

அவர் காகிதத்தில் கணக்குப் போட்டார். பழையவை எத்தனை திரும்பி வந்தன என்பதை வைத்துத்தான் கேமராவில் படாதவற்றையும் மதிப்பிடுவார்கள். "நாற்பத்திரண்டு. மிஞ்சிப்போனா நாற்பத்திமூணு. நல்லா இருக்கு. ஆனா ஐம்பது இல்லை." அறிவிப்புத் தாளை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார்.

சாயங்காலம் தம்பி வாசலிலேயே நின்றான்.

"அக்கா, ஏதோ எட்டு குறையுதாமே. எங்கேயாவது ஒளிச்சு வச்சிருக்கியா?"

"ஒளிச்சா நாத்தம் காட்டிக் கொடுத்துடாதா? உள்ளே வா."

"எட்டே எட்டு. கூடப் பிறந்தவனுக்காக எட்டு சுறாவைப் பெத்துப் போட முடியாதா உன் பேனாவுக்கு?"

"முடியும்டா. பேனா பெத்தது தண்ணியில நீந்தாதே. நீ போய் அங்கே வலையைப் போட்டா, மூணு வருஷத்துல எண்ணுறதுக்கு எனக்கும் ஒண்ணும் இருக்காது, பிடிக்கிறதுக்கு உனக்கும் ஒண்ணும் இருக்காது."

அவன் உள்ளே வராமலே போய்விட்டான். மூன்று வாரம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அடுத்த கணக்கெடுப்புக்கு டப்பாவின் இரண்டு பக்கமும் எதிரும் புதிருமாக இரண்டு கேமரா வேண்டும் என்று அவள் கேட்டு வாங்கினாள். இரண்டையும் தாங்கும் இரும்புச் சட்டம் கனத்தது. அலுவலகப் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதைக் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த தம்பி, "அதுல போனா உன்னையும் சேர்த்துச் சுறா எண்ணிக்கும்," என்று முணுமுணுத்துவிட்டுப் புதுச் சாயம் பூசிய தன் படகை அவிழ்த்தான்.

மறுநாள் அலுவலகத் திரையில் அவன் வைத்த கண் வாங்காமல் பார்த்தான். கேமராவுக்கு ஒன்றாக இருந்த இரண்டு கட்டங்களிலும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு சுறா நீந்தி வந்தது.

"ரெண்டு!" என்று கத்தினான்.

"ஒண்ணு," என்றாள் அக்கா.

அவன் இன்னும் கிட்டே போய், இந்தக் கட்டத்திலும் அந்தக் கட்டத்திலும் ஒரே டப்பாவை ஒரே மூக்கு முட்டுவதை மாறி மாறிப் பார்த்தான். "சரி, ஒண்ணு," என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "அடுத்ததைப் போடு."