சாவி என்னிடம் இருக்கட்டும்

ஜஹீதாவுக்கு நாற்பத்தொரு வயது. இன்றும் குளியலறைக் கதவை முழுக்கச் சாத்த மாட்டாள். யாரும் தள்ளிச் சாத்திவிட முடியாதபடி இடுக்கில் ஒரு வாளி நிறையத் தண்ணீரை வைத்துவிட்டுத்தான் குளிப்பாள். அம்மா இறந்தபின் அவளை வளர்த்த மாமி, வேலைக்குப் போகும்போதெல்லாம் ஏழு வயதுப் பிள்ளையைக் குளியலறையில் போட்டுப் பூட்டிவிட்டுப் போனாள். மூன்று வருடம். "இன்னாடி, வாளி காவலா?" என்று கணவன் காஷிஃப் கிண்டல் செய்வான். இவளும் சிரிப்பாள். வாளியை நகர்த்த மாட்டாள்.

நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சியை நான்தான் அவளுக்குக் கொடுத்தேன். படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. என் முழங்கால் மாடி ஏற விடாமல் போனதும், அபிராமபுரத்தில் நான் பார்த்துவந்த வைதேகி அம்மாளை அவளிடம் ஒப்படைத்தேன். எண்பத்து மூன்று வயது, பக்கவாதம். ஒன்றைச் சொல்ல மறந்தேன். மகன் ராகவேந்திரன் ஆபீஸ் போகும்போது கிரில் கேட்டை வெளியே பூட்டிவிடுவார். பல வீடுகளில் இதுதான் வழக்கம். நான்கு வருடம் உள்ளே இருந்து எனக்குப் பழகிவிட்டது. தப்பு என்னுடையது.

முதல் நாள் மட்டும் கைப்பிடியைப் பிடித்து மெல்ல மாடி ஏறி அவளைக் கொண்டுவிடப் போயிருந்தேன். ராகவேந்திரன் பூட்டை எடுத்தார். ஜஹீதாவின் முகம் வெளுத்தது. உள்ளங்கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். கேட்டின் குறுக்கே நின்றாள்.

"உள்ள இருந்து நான் பூட்டிக்கிறேன் சார். சாவி என்கிட்ட இருக்கட்டும். இல்லன்னா இப்பவே கெளம்பறேன்."

"இவா நாலு வருஷம் இப்படித்தாம்மா இருந்தா. உனக்கு மட்டும் என்ன?"

"அவங்க இருந்தாங்க. நான் இருக்க மாட்டேன்."

"சாமான் ஏதாவது காணாமப் போனா?"

"நெருப்பு புடிச்சா? உங்கம்மாவத் தூக்கினு எந்தப் பக்கம் ஓடறது, ஜன்னல் வழியாவா?"

சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். "நீங்க சும்மா இருங்கம்மா" என்றாள்.

கட்டிலிலிருந்து வைதேகி அம்மாளின் குழறல் வந்தது: "ராகவா, குடுத்துத் தொலைடா. நேக்கும்தான் மூச்சு முட்டறது."

நான்கு வருடம் அந்த அம்மாளின் நாடியைப் பிடித்துப் பார்த்திருக்கிறேன். இதை மட்டும் கேட்டதில்லை.

சாவி கைமாறியது. ஜஹீதா தானே பூட்டினாள், இழுத்துப் பார்த்தாள், சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். "போய்ட்டு வாங்க சார்."

குணமாகிவிட்டாள் என்று எழுத மாட்டேன். போன வாரம் வாளியைப் பற்றிக் கேட்டேன்.

"அது அங்கியேதான் கீதும்மா. இப்ப காலி வாளி."