வெயிலில் வைத்த கண்ணாடித் துண்டுகள்

ஐந்தாம் வகுப்போடு நின்ற நான், கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆலை கட்டினேன். வானம் பார்த்த கரிசலில் கிணறு வெட்டித் தண்ணீர் கண்டேன். மூன்று பிள்ளைகளையும் இன்ஜினீயர் ஆக்கினேன். யாரிடமும் தலைகுனிந்ததில்லை, ஆலைக்குப் பின்னால் குடியிருந்த கல்லூரி ஆசிரியை செல்வியிடம் தவிர.

கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி உருண்டைகள் கலந்த நீரை, அவர் சிறு கண்ணாடித் துண்டுகளில் விட்டு, ஆலையில் நான் ஒதுக்கிக் கொடுத்த அறையில் காயவைப்பார். உருண்டைகள் ஒழுங்காக அடுக்கடுக்காகப் படிந்தால், சாயமே இல்லாமல் நிறம் தெரியுமாம். திங்கட்கிழமை கல்லூரியில் அதைக் காட்டாவிட்டால் அவருடைய ஆராய்ச்சி நின்றுவிடும்.

அவர் கல்லூரிக்குப் போயிருந்தபோது, பசை ஒட்டிய பெட்டிகளை வெயிலில் பரப்புகிற பழக்கத்தில், அந்த ஈரத் துண்டுகளையும் முற்றத்தில் வைத்துவிட்டேன். மாலையில் பார்த்தால், அத்தனையும் கோடைக் கரிசல்போல வெடித்திருந்தன.

"யாரு அண்ணாச்சி வெளிய எடுத்தது?"

"நான்தாம்மா. வெரசா காயட்டுமேன்னு..."

அவர் ஏசவில்லை. "நல்லதுக்குத்தான செஞ்சீக. அறைக்குள்ள வச்சாலும் நம்மூர் வறட்டுக் காத்து வெடிக்க வச்சிருது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "குச்சியில முக்குன மருந்தும் வெரசாக் காஞ்சா இப்படித்தாம்மா கீறல் விடும். சுத்தி ஈரச் சாக்குத் தொங்கவிட்டா மெதுவாக் காயும். அந்தத் தண்ணி மிச்சம் இருக்கா?"

இருந்தது. மூன்று நாள் நானே சாக்குகளை நனைத்தேன். ஞாயிறு காலையில் ஒரு துண்டு முழுசாக வந்தது. நேரே பார்த்தால் பச்சை, சாய்த்தால் நீலம்.

அவர் ஏசியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். யோசனை வந்திருக்காது.

ஆய்வேட்டில் என் பெயர் வந்தே ஆக வேண்டும். ஈரச் சாக்கு என் யோசனை. வெயிலில் வைத்ததும் நான்தான். அதையும் சேர்த்தே எழுதட்டும்.