நான் வீட்டுக்குள் அழைத்தவர்கள்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு வெள்ளிதோறும் ஜெபிக்க வந்த தோழிகள், என் கணவரின் காலில் ஆறாத சர்க்கரைப் புண்ணைப் பார்த்து, "இன்சுலின் ஊசியை நிறுத்துங்க, விசுவாசம் போதும்" என்றார்கள். அவர்களில் நர்ஸாக இருந்த ஒருத்தி மட்டும், "ஜெபமும் பண்ணுவோம், ஊசியும் போடுவோம்க்கா" என்றாள். அவளுக்கு விசுவாசம் இல்லை என்று சொல்லி, இனி வர வேண்டாம் என்றேன். என் பேச்சைக் கேட்டு அவர் ஊசியை விட்டார்.

சில வாரங்களில் புண் கறுத்தது. திருச்சி ஆஸ்பத்திரியில், காலை எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். ஆபரேஷன் அறை வாசலில் நின்று அந்தத் தோழிகளுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தேன். ஒருத்தரும் எடுக்கவில்லை. கடைசியில் நர்ஸைக் கூப்பிட்டேன்.

"எங்க இருக்கீங்கக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தாள்.